புதன்கிழமை ஆடினான்

மகனை மாடி அறையில் படுக்க வைத்துவிட்டு அம்மா இறங்கி வந்தாள். முப்பத்துநான்கு வயதாகிறது, இன்னும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. இந்த இல்லத்தில் சேர்த்து ஆறு வருடம்.

அன்றுதான் லீவு முடிந்து வந்திருந்த மேற்பார்வையாளர் பெண், அவனுடைய தினக்குறிப்பு நோட்டை நீட்டினாள். மாதாமாதம் அதைப் படித்துத்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இந்த வாரம் பையன் ஜோரா இருந்திருக்கான், பாருங்கம்மா. திங்கள், பூங்காவுல வாத்துக்குத் தீனி போட்டிருக்கான். செவ்வாய், சோறு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கியிருக்கான்.”

“புதன்?”

“பாட்டுப் போட்டதும் ஒரே ஆட்டமாம். நிறுத்தவே முடியலயாம்!”

“குளிப்பாட்டினாங்களா?”

“தினமும் டிக் இருக்கே! நீங்கதான் சும்மா கவலைப்படுறீங்க. இங்க அவன் ராஜா.”

அம்மா பழைய பக்கங்களைப் புரட்டினாள். எல்லா வாரமும் வாத்து, சோறு, ஆட்டம்.

“எனக்கு அப்புறமும் இங்கயே வச்சுக்குவீங்கல்ல? டாக்டர் எனக்கு மூணு மாசம்னு சொல்லிட்டார். அவனுக்கு வேற யாரும் இல்ல.”

“ஐயோ, என்னம்மா இது... கண்டிப்பா வச்சுக்குவோம். படிச்சதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அம்மா பேனாவை வாங்கினாள்.

அந்த வாரம் முழுக்க அவன் முதுகுப் புண்ணும் காய்ச்சலுமாக அவள் வீட்டில் படுத்திருந்தான். சற்று முன்புதான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டாள்.