ஒரே தூரம்

"எழுபது நிமிஷம்," என்றார் சிவசங்கரன், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி. "நாங்க நாப்பதுல வந்துட்டோம்."

சைக்கிளை விட்டு இறங்கிய உதயாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இருந்தால்தானே.

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் பாதையாக்கிய பழைய ரயில் பாதை அது. நடுவில் இருந்த ஸ்டேஷன் இப்போது டிபன் கடை. பெங்களூர்ப் பக்க முனையிலிருந்து சிவசங்கரனும் சஞ்சயும், தங்கவயல் பக்க முனையிலிருந்து உதயாவும் ஒரே நேரத்தில் கிளம்பி அங்கே சந்திப்பதாக ஏற்பாடு. இரண்டு பக்கமும் பதினான்கு கிலோமீட்டர். இதைவிட நியாயமான போட்டி உண்டா?

ஆமாம், போட்டிதான். டீம் லீட் பதவி சஞ்சய்க்கா உதயாவுக்கா என்று திங்கட்கிழமைக்குள் டைரக்டர் அம்ருதா மேடத்துக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷ வேலையில் தெரியாத குணம், பெடல் மிதித்தால் தெரிந்துவிடும் என்பது மேனேஜர் சிவசங்கரனின் ஞானம். ஒன்றரை லட்ச ரூபாய்க்கு சைக்கிள் வாங்கிய பிறகு வந்த ஞானம்.

"என்னுது வாடகை வண்டி சார், கியர் இல்ல. அதோட வழி முழுக்க ஏத்தம்," என்றாள் உதயா.

சிவசங்கரன் பாதையை இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்கம்மா ஏத்தம்? தோசைக்கல் மாதிரி கிடக்கு."

"ரயிலுக்குப் போட்ட மெல்லிசான ஏத்தம் சார். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். எங்கப்பா தண்டவாளம் பாத்துக்கற ரயில்வே கேங்மேன், அவர் சொல்லுவார். நீங்க வந்தது இறக்கம். திரும்பறப்ப பாத்து, மெதுவா போங்க."

"சாக்கு சொல்றவங்க லீட் ஆக முடியாதும்மா," என்றார், வடையைக் கடித்தபடி. சஞ்சய் வேகவேகமாகத் தலையாட்டினான்.

கையோடு ஆபீஸ் வாட்ஸப் குரூப்பிலும் போட்டார். மேடமும் இருக்கும் குரூப். 'பதினான்கு கி.மீ. பெங்களூர் முனையிலிருந்து நானும் சஞ்சயும் நாற்பது நிமிடம். தங்கவயல் முனையிலிருந்து உதயா எழுபது. ஒரே தூரம்தான். சிலருக்கு வேகம் போதவில்லை.'

உதயா போனைப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்கக் காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

திரும்பும் வழியில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே சிவசங்கரனுக்கு பிரேக் மீது சந்தேகம் வந்தது. இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது ஜம்மென்று சுற்றியது. நாலாவதில் டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லாக இருந்தது. ஆறாவதில் சஞ்சய், "வயிறு சரியில்ல சார்" என்று சைக்கிளோடு ஒரு டெம்போவில் ஏறிப் போய்விட்டான். அதன்பின் ஒன்றரை லட்சத்தைப் பாதி வழி கையால் தள்ளிக்கொண்டு நடந்தார்.

முனையில் நிறுத்தியிருந்த காரைத் தொட்டதும் போனில் சைக்கிள் ஆப்பைத் திறந்தார். 'ஏறிய உயரம்: 140 மீட்டர்.'

ஒரு நொடி உதயா ஞாபகம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. நெற்றி வியர்வையோடு ஒரு செல்ஃபி எடுத்து குரூப்பில் எழுதினார்.

'நண்பர்களே, இந்த ரயில் பாதை தங்கவயல் முனையிலிருந்து பெங்களூர் முனை வரை கண்ணுக்கே தெரியாத ஏற்றம். அதில் பதினான்கு கி.மீ. ஏறி முடித்தேன். இரண்டே மணி நேரம். சாதாரண ஆட்களால் முடியாது.'

டெம்போவில் போன சஞ்சய்தான் முதல் கைதட்டலை அனுப்பினான். வரிசையாக முப்பது கைதட்டல் வந்தது. அடுத்து அம்ருதா மேடம்.

'வாழ்த்துகள் சிவசங்கரன். அப்போ காலைல அதே ஏத்தத்தை எழுபது நிமிஷத்துல ஏறி வந்தவங்கதான் நம்ம டீம் லீட், இல்லையா?'