முழுசாகத் திரும்பிய கட்டி

"கொஞ்சம் வெட்டி எடுக்கணுமா மேடம்?"

"வேணாம் சார். வெட்டவும் வேணாம், கரைக்கவும் வேணாம். எக்ஸ்ரே கதிரை மேல பாய்ச்சினாலே உள்ள என்னென்ன உலோகம் இருக்குன்னு தெரிஞ்சிடும்."

இன்ஸ்பெக்டர் ஜெயபாண்டி ஈயப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளியே நின்றார். உள்ளே கையகலத்தில் ஒரு கரிய கட்டி. பேரையூர்ப் பக்கம் பழைய இரும்பு பொறுக்கும் கிழவர் ஒருவரிடம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. நாகமலை புதுக்கோட்டையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி தமிழ்வாணியைத் தவிர வேறு ஊழியர் யாருமில்லை.

"லீவு நாள்ல கூப்பிட்டுட்டோம். வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேட ஆளு இல்ல சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர் என்று குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அவளுக்குப் பழகிவிட்டது. பொங்கலுக்குக்கூட போன் வராது. வந்தால் லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்தான்.

கருவி ஓடி முடிந்தது. திரையில் கோடுகள் எழும்பி நின்றன.

"யுரேனியம்தான் சார்."

ஜெயபாண்டிக்கு முகம் மாறியது. "அப்ப அணு உலையில திருடுனதா? அந்த வயசுல ஜெயிலுக்குள்ள தாங்க மாட்டாரே!"

"இருங்க. கூட மாலிப்டினம்னு இன்னொரு உலோகம் கலந்திருக்கு. காமா அளவையும் சேர்த்துப் பார்த்தா இது வீரியத்தை நீக்கிட்ட யுரேனியம். பழைய கதிர்வீச்சுக் கருவிக்குக் கவசமா வார்த்தது. குண்டுக்கு உதவாது. குப்பையில கிடந்திருக்கும்."

"அதைத்தான் அவரும் தலையில அடிச்சுச் சொன்னாரு. யாரு நம்புனா?" ஜெயபாண்டி நிம்மதியாகப் படிவத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க மேடம், சீக்கிரம் விட்ருவாங்க. விட்டாலும் கூட்டிட்டுப் போக ஒரு நாதியில்ல. 'சொந்தம் யாரு, பெருசு?'ன்னு கேட்டேன். 'அந்தக் கட்டிய எங்க அனுப்புறீக'ன்னாரு. இந்த லேப் பேரைச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் 'எனக்கு யாருமில்ல'ன்னுட்டாரு."

தமிழ்வாணி படிவத்தைப் படித்தாள். 'கைதானவர் பெயர்: கருப்பு, பேரையூர்' என்ற இடத்தில் கண் நின்றது. திறந்த பேனாவை மூடினாள்.

"நான் போட முடியாது சார்."

"ஏன் மேடம், முடிவுல சந்தேகமா?"

"துளிகூட இல்ல. கட்டி அப்படியே முழுசா இருக்கு. வேற லேபுக்கு அனுப்புங்க. அங்கயும் இதேதான் வரும்."

"அதுக்குப் பத்து நாள் ஆகும் மேடம். அம்புட்டு நாளும் அந்த மனுசன் உள்ள கிடக்கணும்!"

"தெரியும் சார்." அவள் படிவத்தை அவர் பக்கமே தள்ளினாள். "ஆனா என் கையெழுத்து கோர்ட்டுல நிக்காது. அவரு பார்த்த மாப்பிள்ளைய வேணாம்னு சொன்னதுலேருந்து ஏழு வருசமா என்கூடப் பேசல... இப்ப என் வேலைக்கு எதுவும் வந்துறக் கூடாதுன்னுதான் யாருமில்லைன்னு சொல்லியிருக்காரு, எங்கப்பா!"