வண்டிக்கு மட்டும் தண்ணீர்

"ஏலே ஒச்சப்பா! இதுதான் நீ ஈயம் பத்தவச்ச லட்சணமா?"

பலவேசத்தின் பழைய டிராக்டர், ஆவி கக்கியபடி பட்டறை வாசலில் வந்து நின்றது.

ஒச்சப்பனின் முகம் சுருங்கியது. சிவகாசி வட்டாரத்தில் ரேடியேட்டர் ஒழுக்கு என்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். இந்த ஒரு ரேடியேட்டர் மட்டும், எத்தனை முறை பற்றவைத்தாலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, போன வாரந்தானே பாத்தேன்..."

"பாத்த லட்சணத்தத்தான் சொல்லுதேன். அட்டைப்பெட்டி லோடோட விஸ்வநத்தம் தாண்டுறதுக்குள்ள தண்ணி பூராவும் காணோம்!"

இதைப் பட்டாசுக் கம்பெனி முதலாளி மணிகண்டராஜ் கேட்டுக்கொண்டிருந்ததுதான் பெரிய வேதனை. அவர் தம் தாத்தா காலத்துக் காரை ரேடியேட்டர் வேலைக்காக அன்றுதான் கொண்டுவந்திருந்தார். தங்கையின் திருமணத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் அந்தக் காரில்தான் நடக்கவேண்டும்.

"என்ன ஒச்சப்பா, மாப்பிள்ளைய எறங்கித் தள்ளச் சொல்லுவ போலயே?"

"அப்படியெல்லாம் ஆகாது, மொதலாளி."

"அப்ப ஒண்ணு செய்வோம். அண்ணாச்சி வண்டி ஒழுகாம ஒரு நடை போயிட்டு வரட்டும். வந்தா, என் காருல கை வை. வீட்டுல கெடக்குற மத்த பழைய வண்டி வேலையும் ஒனக்குத்தான். ஒழுகுச்சுன்னா, காரை மதுரைக்கு அனுப்பிருவேன்."

ஒச்சப்பன் டிராக்டரின் ரேடியேட்டரைக் கழற்றினான். வாய்களை அடைத்து, பம்பால் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினான். ஒரு குமிழி கூட எழவில்லை.

மீண்டும் மாட்டித் தண்ணீரை நிரப்பிவிட்டுச் சொன்னான்: "நானும் கூட வாரேன், அண்ணாச்சி. எங்கன ஒழுகுதுன்னு பாத்துருவோம்."

"நீ எதுக்குலே? ஒன் சோலியப் பாரு!" பலவேசம் அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

ஒச்சப்பன் விடவில்லை. சாலையில் பார்வையைப் பதித்தபடி மொபெட்டில் பின்தொடர்ந்தான். வழியெங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை. விஸ்வநத்தம் விலக்கில் டிராக்டர் நின்றது. பலவேசம் இறங்கினார், வண்டியின் முன்பக்கம் குனிந்தார், சற்று நேரம் கழித்து நிமிர்ந்தார். டிராக்டர் நகர்ந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கியிருந்தது.

ரேடியேட்டரின் அடியிலிருக்கும் வடிகுழாயை அவரே திறந்துவிட்டிருக்கிறார்!

ஒச்சப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று விரட்டினான்.

டிராக்டர் ஓர் ஓட்டுவீட்டின் முன் நின்று ஹாரன் அடித்தது. இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக ஒரு பெண் ஓடி வந்தாள். பொன்னுத்தங்கம்! பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி கதிரவனை, தந்தையின் பேச்சை மீறி மணந்துகொண்ட பலவேசத்தின் மகள்.

ஒச்சப்பன் சுவரோரம் ஒதுங்கினான்.

"வாங்கப்பா."

"ஒன்னப் பாக்க ஒண்ணும் வரல. ரேடியேட்டர் ஒழுகுது. அந்த ஒச்சப்பன் பயலுக்குத் தொழில் தெரியல."

"பாவம்ப்பா, அவுகளத் திட்டாதீக. ஒங்களுக்கும் ஒரு செம்பு கொண்டாரட்டுமா?"

"ஒன் வீட்டுப் பச்சத்தண்ணி என் தொண்டையில எறங்காதுன்னு கடைத்தெருவுல நின்னு சொன்னவன் நான். வண்டியா சொல்லுச்சு? அதுக்கு ஊத்து."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றினாள். அதற்குள் பேரன் தாத்தாவின் மடிக்குத் தாவி, ஸ்டியரிங்கைப் பிடித்து, எச்சில் தெறிக்க 'டுர்ர்' என்று வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தான்.

"மெள்ள ஊத்து, தாயி" என்றார் பலவேசம். "அவசரம் ஒண்ணுமில்ல."

மாலையில் பட்டறைக்கு வந்த மணிகண்டராஜ், காதிலிருந்த செல்போனை எடுத்துவிட்டுக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஒழுகுச்சா?"

பலவேசம் ஒச்சப்பனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "அது வந்து... ஒழுக்குன்னு சொல்ல முடியாது..."

ஒச்சப்பன் முந்திக்கொண்டான். "ஒழுகத்தான் செய்யுது, மொதலாளி. பின்னாலயே போயி என் கண்ணால பாத்தேன். என் பத்தவைப்புதான் சரியில்ல."

கார் மதுரைக்கு லாரி ஏறியது.

ஒச்சப்பன் குனிந்து, டிராக்டரின் வடிகுழாயைச் சரிபார்த்துவிட்டுப் பலவேசத்திடம் குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த நடை தெறக்கும்போது பாதியோட மூடிருங்க, அண்ணாச்சி. இஞ்சின் காஞ்சுபோச்சுன்னா, பேரனப் பாக்க நடந்துதான் போகணும்!"