ரிஜெக்ட் பீஸ்

மண்ணூருக்கு நேற்றுதான் குடிவந்த மாரிசெல்வம், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பக்கத்து போர்ஷன் ரத்னா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நீளமான பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கனம் அளக்கும் வெர்னியரை எடுத்துவந்து அளந்தே விட்டான்.

"என்னக்கா இது?"

"பனியில சறுக்குற கட்டை, தம்பி. ஜனவரில மணாலி போறேன்."

"நடுவுல பதினோரு எம்எம் இருக்கு, முனையில ரெண்டுதான் இருக்கு. எங்க கம்பெனியில இது ரிஜெக்ட்டுக்கா."

"அப்டித்தாம்பா இருக்கணும். நடு ஆளத் தாங்கணும், முனை வளையணும்."

"சரி, இதுக்கு ஜோடி எங்க?"

"ஒண்ணுதான்."

மாரிசெல்வம் சிரித்துவிட்டான். "ஒத்தக் கட்டைய வச்சு எப்படிக்கா சறுக்குவிய?"

ரத்னா இழைப்புளியைக் கீழே வைத்தாள். மேசைக்கடியில் கிடந்த ஊன்றுகோல்களை எடுத்து ஊன்றி எழுந்தாள். இடது கால் முட்டியோடு முடிந்திருந்தது.

"பிரஸ் மிஷின் துன்னுடுச்சு. என்னையும் இப்டித்தான் ரிஜெக்ட்டுன்னு வூட்டுக்கு அனுப்பிச்சாங்க."

வெர்னியரைப் பிடித்திருந்த அவன் கை தானாகத் தாழ்ந்தது.

"இன்னா பாத்துகினு நிக்கிற? நடுவுல இன்னும் அரை எம்எம் எடுக்கணும். அந்தப் பக்கம் புடி!"