எழுத்தாளரும் கடல்நாயும்

ஐந்து மணி நேரம் கடற்கரைச் சாலையில் காரை ஓட்டியவள் மனைவி. பக்கத்து சீட்டில் குறட்டை விட்டு வந்த எழுத்தாளர், உல்லாசப் படகில் ஏறியதும் சுறுசுறுப்பானார். கடல் விலங்குகளைப் பற்றி அவர் பெயரில் வந்த புத்தகம் பலர் கையிலும் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கும் இதுல ஆர்வமா?" என்று ஒரு பெண் மனைவியிடம் கேட்டாள்.

"இவளுக்கா? மீனைத் தட்டுல பார்த்தாத்தான் அடையாளம் தெரியும்!" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

சட்டென்று கையை நீட்டினார். "அதோ, கடல்நாய்!"

"சார், அது பாறை," என்றார் படகோட்டி. "இந்தப் பக்கம் ரெண்டு நீந்துது பாருங்க. இதுல எது ஆண், எது பெண்?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் மனைவியின் காதருகே குனிந்தார். "எதுடி? சீக்கிரம் சொல்லு."

"நாப்பதாம் பக்கத்தைப் பாருங்க," என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "விவரமா எழுதியிருக்கேன்."