அவள் கேட்காத கிடார்

என் மனைவி ஃபெலிசியா கேட்டது நீளமான கழுத்தும் ஐந்து தந்திகளும் உள்ள பேஸ் கிடார். பல வருஷமாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தது. கிடார் வடிவமைக்கும் செயலி அவளை ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லி, கேமராவில் கவனித்தது. மூன்றாம் நாள் வந்து இறங்கியதோ குட்டைக் கழுத்தில் நாலே தந்தி.

"சின்னப் பிள்ளைங்க வாசிக்கிறதை அனுப்பியிருக்கான். திருப்பி அனுப்பிருவோம்" என்றேன்.

"ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு அனுப்புவோங்க."

தோளில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். வீட்டுத் தரையே அதிர்ந்தது. நாங்கள் வாசிக்கும் கல்யாணக் கச்சேரிகளில் எப்போதோ கைவிட்ட சுருதிகளில் எல்லாம் அவள் விரல்கள் இறங்கி ஏறின. இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டு வெகுநாளாகிறது.

பெட்டிக்குள் ஒரு சீட்டு கிடந்தது. 'இடது சுண்டுவிரல் வலிக்காதபடி செய்திருக்கிறோம்.'

கச்சேரியில் எந்தப் பாட்டையும் 'ஈ' சுருதிக்கோ 'ஏ' சுருதிக்கோ மாற்றச் சொல்லுவாள். பாடகர்களின் தொண்டைக்காக என்று நினைத்திருந்தேன். அந்தச் சுருதிகளில் இடது கையால் தந்தியை அழுத்தாமலே பாதிப் பாட்டை ஓட்டிவிடலாம்.

"எத்தனை வருஷமா வலிக்குது?"

"நாலு இருக்கும்" என்றாள், கிடாரைக் கழற்றாமல்.

அந்தச் செயலி அவளைப் பார்த்தது ஒரு மணி நேரம். நான் பதினோரு வருஷமாக அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்துதான் டிரம்ஸ் வாசிக்கிறேன்.