மாதா போன வீடு

அன்பியத்து மாதாவைக் காணோம்.

பாலக்கரையில் நாலு தெருக் கிறிஸ்தவர்கள் சேர்ந்தது அந்த அன்பியம். அக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிலை, வீடு வீடாகப் போகும். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ராத்திரி மாதா அங்கே தங்கும். மறுநாள் அடுத்த வீடு.

எந்த வீடு, எந்த நாள் என்று தீர்மானிப்பது தலைவர் சந்தியாகு. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். யாரையும் லேசில் நம்ப மாட்டார்.

மாதா கடைசியாகத் தங்கியது ஆக்னஸ் டீச்சர் வீட்டில். அடுத்த வீட்டுக்கு வந்து சேரவில்லையே என்று சந்தியாகு விசாரித்ததும் டீச்சர் போனில் அழுதார்.

"நீங்க அனுப்பினீங்கன்னு சொன்னானே அண்ணே! பெட்டியோட தூக்கிக் குடுத்துட்டேன்."

"எவன்?"

"ஆட்டோக்கார நவ்ஷாத். தினம் என்னை ஸ்கூல்ல விடுற பிள்ளை."

"நான் யாரையும் அனுப்பலை. அவனுக்கு எதுக்கு மாதா, டீச்சர்? யோசிக்க வேண்டாமா?"

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். மனைவி பெர்னதெத் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மாதாவை ஆட்டோக்காரன் அடிச்சுட்டுப் போயிட்டான். பழைய சுரூபம். இந்நேரம் எவன் தலையில கட்டினானோ."

"மாதா எங்க போயிடப் போறாங்க? கூப்பிட்ட வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"உன் பிரசங்கத்தை மூட்டை கட்டு. சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா ஃபாதர் முன்னால நான் தலை குனிஞ்சு நிக்கணும். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து அவனை உள்ள தள்ளிட்டுத்தான் மறுவேலை."

பெர்னதெத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போலீசெல்லாம் வேண்டாங்க. முதல்ல அந்தத் தம்பியைக் கேளுங்க."

"நீ என்ன அவனுக்கு வக்கீலா?"

ஆட்டோ ஸ்டாண்டில் நவ்ஷாத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா மாதா?"

பதறுவான் என்று பார்த்தார். பதறவில்லை. சந்தியாகுவின் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

"பத்திரமா இருக்காங்க ஐயா. ஏறுங்க, காட்டுறேன்."

"யார் எடுத்துட்டு வரச் சொன்னது?"

"அது மட்டும் கேக்காதீங்க. பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப கூட்டுக் களவாணி வேற இருக்கான்."

"இருக்காங்க ஐயா." சிரித்தான்.

சந்தியாகு ஏறினார். போலீஸ் ஸ்டேஷன் நம்பரைப் போனில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். ஆட்டோ கடைவீதியைச் சுற்றி அவர்கள் தெருவுக்கே திரும்பி வந்தது.

"என்னடா, எனக்கே ஊர் சுத்திக் காட்டுறியா?"

"ஒன்வே ஐயா."

தெருக்கோடிச் சந்தில் நின்றது. இருதயராஜ் வீடு.

சந்தியாகுவின் கை தானாக மூக்குக்குப் போனது.

இருதயராஜுக்கு வாயில் புற்றுநோய். பேச்சு நின்றுவிட்டது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தூர் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். புண் வாடை வாசல் வரைக்கும் வரும். இந்த வருஷம் அந்த வீட்டுக்கு மாதா வேண்டாம், ஜனம் உட்கார முடியாது, அவருக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தவர் சந்தியாகுதான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

உள்ளே கட்டிலை ஒட்டி ஸ்டூல். அதன் மேல் கண்ணாடிப் பெட்டி. படுத்திருக்கிறவர் கண்ணுக்கு நேராக மாதா.

இருதயராஜின் மனைவி லூர்து ஓடி வந்து சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க அனுப்பினதா தம்பி சொன்னாரு. எல்லா வீட்டுக்கும் போற மாதா நம்ம வீட்டுக்கு வரலையேன்னு இவர் அழாத நாள் இல்லைண்ணே. ஆண்டவரும் நம்மளைக் கைவிட்டுட்டாரான்னு ஜாடையில கேப்பாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

சந்தியாகு பேச்சை மாற்றினார்.

"இப்ப வலி எப்படி இருக்கு?"

"வலி அப்படியேதான் இருக்கு. ஆனா தனியா இல்லைன்னு காட்டுறாரு. பாருங்க."

இருதயராஜ் மாதாவைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார். அப்புறம் சந்தியாகுவைப் பார்த்துக் கை கூப்பினார்.

சந்தியாகுவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தார். கட்டிலடியில் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடியில் 'பொ. சந்தியாகு' என்று பேர் வெட்டியிருந்தது. ரிட்டையரான அன்று ஒர்க் ஷாப்பில் கொடுத்த பாத்திரம்.

"கஞ்சியும் தினம் நீங்கதான் குடுத்து விடுறீங்களாமே," என்றாள் லூர்து.

வாசலில் நவ்ஷாத் ஆட்டோ டயரை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ஆக்னஸ் டீச்சர்.

"அண்ணே, மாதா கிடைச்சாங்களா? போலீசுல சொல்லணுமா?"

"வேண்டியதில்லை. மாதா இருதயராஜ் வீட்டுல இருக்காங்க. இன்னைக்கு ஜெபமாலை இங்கதான். எல்லாரையும் வரச் சொல்லுங்க."

"அங்கேயா? எப்படிண்ணே உட்காருறது..."

"நான் உட்காருவேன். நீங்களும் உட்காருங்க."

வைத்துவிட்டார். உட்கார வேறு ஸ்டூல் இல்லை. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். கை மூக்குக்குப் போகவில்லை.

இருதயராஜ் இன்னும் கை கூப்பியபடியே இருந்தார். சந்தியாகு அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்து, கீழே இறக்கினார்.

"என்னைக் கும்பிடாதய்யா. உன் வீட்டை வேண்டாம்னு சொன்னவன் நான். மாதாவை அனுப்பினது எம் பொண்டாட்டி, பெர்னதெத்து."